நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: நேரலைக்கான ஹெட்செட் மைக் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் பகுதிக் கபடிப் போட்டிகளை யூடியூபில் செல்போன் வழியாக நேரலை செய்கிறேன். வர்ணனையும் நான்தான். 1,650 ரூபாய் கொடுத்து ஹெட்செட் மைக் வாங்கினேன். ஆனால் பார்ப்பவர்கள், "கூட்டத்தின் கூச்சல்தான் கேட்குது, உங்க குரல் கிணத்துக்குள்ள இருந்து வருது" என்கிறார்கள். மைக்கில் குறையில்லை, போனில்தான் கோளாறு என்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி? (வாசகர், மணப்பாறை)

பதில்: மைக், போன் இரண்டுமே நன்றாக இருந்தும் இப்படி ஆகும். உங்கள் குரலை எடுப்பது ஹெட்செட் மைக் அல்ல, போனில் இருக்கும் மைக் என்றே நினைக்கிறேன். இதைக் கண்டுபிடிப்பது எளிது. வெளியாருக்குத் தெரியாதபடி 'பிரைவேட்' என்று வைத்து ஒரு நிமிடம் நேரலை போடுங்கள். முதலில் ஹெட்செட் மைக்கின் ஸ்பாஞ்சை நகத்தால் சுரண்டுங்கள். பிறகு போனின் அடியில், சார்ஜ் போடும் துளைக்குப் பக்கத்தில் சுரண்டுங்கள். பதிவைக் கேட்டால் இரண்டில் ஒன்று 'கறக் கறக்' என்று காதில் அறையும். அதுதான் வேலை செய்யும் மைக். கேமராவில் வீடியோ எடுத்துப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். சில போன்களில் கேமரா ஒரு மைக்கை எடுக்கும், நேரலைச் செயலி வேறொன்றை எடுக்கும்.

அடுத்து ஹெட்செட் ஒயரின் முனையில் இருக்கும், போனில் செருகும் பின்னைப் பாருங்கள். அதில் கறுப்பு வளையங்கள் எத்தனை? போனுக்கான ஹெட்செட் என்றால் மூன்று இருக்கும். இரண்டுதான் என்றால் அது கேமராவுக்கோ மேடையில் இடுப்பில் கட்டும் வயர்லெஸ் பெட்டிக்கோ செய்த மைக். இரண்டு வளையப் பின்னைப் போனில் செருகினால், வெறும் இயர்போன் வந்திருப்பதாகப் போன் எடுத்துக்கொண்டு தன் சொந்த மைக்கையே தொடர்ந்து பயன்படுத்தும். இரண்டை மூன்றாக்கும் சிறிய கன்வர்ட்டர் கடைகளில் கிடைக்கும். இரண்டு துளை உள்ள கன்வர்ட்டராக இருந்தால் மைக் படம் போட்ட துளையில் செருகுங்கள். இதற்காகப் புது மைக் வாங்க வேண்டியதில்லை.

உங்கள் போனில் ஹெட்செட் செருகும் உருண்டைத் துளையே இல்லாமல் டைப்-சி கன்வர்ட்டர் போட்டிருந்தால் சந்தேகத்தை அதன் மேல் வையுங்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒலியை டிஜிட்டலாக மாற்றும் சிப் இருக்கும். மற்றது வெறும் ஒயர், சில போன்களில் மட்டுமே வேலை செய்யும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சிப் இருந்தும் பாட்டு கேட்க மட்டும் உதவி, மைக்கை ஏற்காத கன்வர்ட்டர்களும் விற்கிறார்கள். அதனால் கடைக்கு உங்கள் போனையும் ஹெட்செட்டையும் எடுத்துப் போய், அங்கேயே சுரண்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஐபோன் என்றால் 2023-இல் வந்த 15-ஆம் வரிசையிலிருந்து அதிலும் டைப்-சிதான். அதற்கு முந்தையதில் இருப்பது லைட்னிங் என்ற வேறு துளை, அதன் கன்வர்ட்டரும் வேறு.

கபடி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு மேல் ஆட்டமாக இரண்டு மணி நேரம் ஓடும் நேரலையில் பேட்டரி தாங்காது, மைக் செருகிய துளையிலேயே சார்ஜும் போட வேண்டியிருக்கும். மைக்குக்கு ஒரு வழி, சார்ஜுக்கு ஒரு வழி என்று பிரியும் கன்வர்ட்டர் வாங்கி, மின்சாரத்துக்குப் பவர் பேங்க் வையுங்கள். மலிவான சார்ஜரைச் சுவரில் செருகினால் பல நேரம் 'உம்ம்' என்ற இரைச்சல் ஒலியில் ஏறிவிடுகிறது. மைக் வாங்கும்போது எல்லாப் பக்கமும் கேட்கும் 'ஓம்னி' வகையைத் தவிர்த்து, வாய்ப் பக்கம் மட்டும் கூர்ந்து கேட்கும் 'கார்டியாய்டு' வகையைக் கேளுங்கள். கூட்டத்துக்கு நடுவில் நின்று பேசுபவருக்கு அதுதான் தோது.

கேள்வி: பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணக்குப்பதிவியல் நேரலை வகுப்பு எடுக்கிறேன். லேப்டாப், யூஎஸ்பி ஹெட்செட், நேரலையை அனுப்ப ஓபிஎஸ் (OBS) மென்பொருள். 'பற்று' என்று சொல்லும்போதெல்லாம் டப் டப் என்று வெடிக்கிறது. மூச்சும் புஸ்ஸென்று விழுகிறது. ஒரு காதில்தான் குரல் வருகிறது என்று சில பிள்ளைகள் சொல்கிறார்கள். விலை கூடிய மைக் வாங்கினால் சரியாகுமா? (ஆசிரியை, தென்காசி)

பதில்: வாங்க வேண்டாம் டீச்சர். 5,000 ரூபாய் மைக்கும் வாய்க்கு நேரே நின்றால் இப்படித்தான் வெடிக்கும்.

உள்ளங்கையை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பற்று' என்று சொல்லுங்கள். காற்று கையில் வந்து மோதும். அப்படியே கையைக் கன்னத்துப் பக்கம் மெல்ல நகர்த்திக்கொண்டே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஓரிடத்தில் காற்று படுவது நின்றுவிடும், குரல் மட்டும் வரும். மைக் இருக்க வேண்டிய இடம் அதுதான். பெரும்பாலானவர்களுக்கு உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, கொஞ்சம் கீழே அது அமையும். மூக்குக்கு நேர் கீழே வைத்தால் மூச்சு விழும். கன்னத்தில் உரசினால் கரகரக்கும். ஜிமிக்கி போட்டிருந்தால், மைக் தண்டில் அது தட்டுகிற ஓசை பிள்ளைகளுக்கு மணியடிப்பது போலக் கேட்கும், வகுப்பு நேரத்துக்குக் கழற்றி வையுங்கள். ஸ்பாஞ்ச் உறையைக் கழற்றாதீர்கள். நைந்திருந்தால் புதிது போடுங்கள், சில்லறை விலைதான். அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் அலசி, முழுக்க உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

இடம் சரியானதும் ஒலி அளவு. ஓபிஎஸ்ஸில் மைக்குக்கு நேராக ஒரு பட்டை ஓடுமே, அது மைனஸ் 20 டெசிபெல் வரை பச்சை, மைனஸ் 9 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. பாடம் நடத்தும் குரலிலேயே பேசுங்கள், கிசுகிசுத்துச் சோதிக்காதீர்கள். பேச்சின் உச்சம் மஞ்சளில் ஆட வேண்டும், சிவப்பை எப்போதாவது தொட்டால் பாதகமில்லை. விண்டோஸ் அமைப்பில் 'மைக்ரோஃபோன் பூஸ்ட்' இருந்தால் குறைத்து வையுங்கள். அது குரலோடு சேர்த்து இரைச்சலையும் தூக்கும்.

ஒரு காதுச் சிக்கலுக்கு, ஓபிஎஸ்ஸின் 'அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் உங்கள் மைக்குக்கு எதிரே 'மோனோ' என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். மின்விசிறி ஓசைக்கு அதே மென்பொருளில் 'நாய்ஸ் சப்ரெஷன்' ஃபில்டர் இலவசமாகவே இருக்கிறது. பேச்சுக்கு நன்றாக உதவும். பாட்டு வகுப்புக்கு மட்டும் போடக் கூடாது, வீணையின் நாதத்தையும் இரைச்சல் என்று தின்றுவிடும்.

கேள்வி: ஒயர் தொல்லை இல்லாமல் புளூடூத் ஹெட்செட் வாங்கலாம் என்று இருக்கிறேன். அட்டையில் 'நாய்ஸ் கேன்சலிங்' என்று போட்டிருக்கிறது. நேரலைக்கு ஆகுமா? (வாசகர், ஆவடி)

பதில்: நான் வாங்கச் சொல்ல மாட்டேன். புளூடூத்தில் பாட்டு கேட்பது வேறு, பேசுவது வேறு. மைக் இயங்கத் தொடங்கியதும் பெரும்பாலான ஹெட்செட்டுகள் போன்பேச்சு முறைக்கு இறங்கிவிடும். அதில் ஒலியை நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறை அளந்துதான் அனுப்புகிறது. சி.டி.யில் அது 44,100 முறை. டெலிபோனில் பேசுவது போல ஒடுங்கிக் கேட்பது அதனால்தான். உதடு அசைந்த பிறகு குரல் வருகிற தாமதமும் சேரும்.

'நாய்ஸ் கேன்சலிங்' என்ற சொல்லில் பலர் ஏமாறுகிறார்கள், இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன். ஏ.என்.சி. என்றால் போட்டிருப்பவர் காதில் விழும் வெளி இரைச்சலைக் குறைப்பது. உங்களைக் கேட்பவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மைக்குக்குள் போகும் இரைச்சலைக் குறைப்பதை ஈ.என்.சி. என்று போடுவார்கள். அட்டையில் எது இருக்கிறது என்று பாருங்கள். ஒயர் வேண்டவே வேண்டாம் என்றால், தனி ரிசீவர் துண்டோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை மேல். ஒயர்லெஸ் ஹெட்செட், மைக் எதுவானாலும் பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்' (R) என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்த பதிவு என்று தெரியும்.

கேள்வி: வாங்கிய மூன்றாம் நாளே மைக் ஊமையாகிவிட்டது. "எலக்ட்ரானிக்ஸ் பொருளை வாபஸ் வாங்க மாட்டோம்" என்று பில்லிலேயே அச்சடித்திருப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். (வாசகி, கும்பகோணம்)

பதில்: அச்சடித்துவிட்டால் சட்டம் ஆகாது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தராமல் விற்பதும் அதில் சேரும். பிடிக்கவில்லை என்று திருப்புவது வேறு, பழுது என்று திருப்புவது வேறு. உங்களுடையது பழுது.

முதலில் வேறொரு போனிலும் செருகி, சுரண்டும் சோதனையை வீடியோ எடுங்கள். அதைக் காட்டி, மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியும் போதும். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் பணியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். பில்லை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள், அந்த வழவழத் தாளில் அச்சு சீக்கிரமே வெளுத்துவிடும்.