கவாத்துக் கிளையில் வேலி: சரியாமல் நிற்க, உயிர்வேலியாக மாற

கேள்வி: எங்கள் நிலம் லேசான சரிவு. மா, கொய்யா கவாத்துக் கிளைகளும் ஓரத்து மரங்களைக் கழித்த விளார்களும் வருஷாவருஷம் நிறையச் சேர்கின்றன. எரிப்பதை நிறுத்திவிட்டு, போன வருஷம் எல்லையோரம் குவித்து வேலி மாதிரி போட்டேன். இடுப்பு உயரத்துக்கு இருந்தது நாலே மாதத்தில் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. ஆடு தாண்டி வந்தது. மழைத்தண்ணீர் அடியில் அரித்துக்கொண்டு ஓடியது. பறவைக்கும் மண்ணுக்கும் நல்லது என்கிறார்களே, முறையாகக் கட்டுவது எப்படி ஐயா? பாம்பு சேரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: நீங்கள் போட்டது குவியல், வேலிக்கு அடுக்க வேண்டும். கிளையை அப்படியே தூக்கிப் போட்டால் கவைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும், நடுவே வெறும் காற்றுதான் இருக்கும். இலை உதிர்ந்து சுள்ளி காய்ந்ததும் அந்த வெற்றிடம் அமுங்குகிறது. உயரம் பாதியானதற்கு இதுவே காரணம், மழைமேல் பழி இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்டிய கிளையில் எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் மூன்று, நாலு வருஷம்தான் ஆயுள். கறையான் மிகுந்த மண்ணில் அதுகூட இல்லை. ஆகவே இதை வேலி என்று எண்ணாமல், உள்ளே வளரப்போகும் உயிர்வேலிக்குக் கட்டும் சாரம் என்று எண்ணிக் கட்டுங்கள்.

முதலில் ஊன்றுகால். மணிக்கட்டுக் கனத்தில் (5 முதல் 8 செ.மீ.), ஒன்றரை மீட்டருக்குக் குறையாத நேர்க்கழிகளைப் பொறுக்கித் தனியே வையுங்கள். 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு கயிறு கட்டி, ஒவ்வொரு கயிற்றிலும் மீட்டருக்கு ஒரு கால். ஒரு வரிசைக் கால் எதிர்வரிசை இடைவெளியைப் பார்க்குமாறு மாற்றி நடுங்கள். கடப்பாரையால் குழிபோட்டு அரை மீட்டர் ஆழம் இறக்கிக் கெட்டிக்க வேண்டும். பத்து மீட்டர் நீளத்துக்கு 21, 22 கால் ஆகும். உள்ளே அமுக்கும் கிளை கால்களை வெளியே தள்ளும் என்பதால், நடும்போதே தலையை உள்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வையுங்கள். அடிமுனையைக் கருக்கி நடுவதில் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம். காற்றும் ஈரமும் சேரும் தரைமட்டத்தில்தான் கால் உளுத்து ஒடியும்.

அடுத்து அடுக்குதல். எல்லாக் கிளையும் வேலியின் நீளப்போக்கிலேயே படுக்க வேண்டும், குறுக்கே ஒன்றுகூடப் போடாதீர்கள். கனத்த கட்டைகள் அடியில், விளார் மேலே. ஒரு அடுக்கில் அடிமுனைகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கட்டும். ஒரு கிளையின் பாதிநீளத்தில் அடுத்த கிளை ஏறிப் படியட்டும். அடுத்த அடுக்குக்கு முனையைத் திருப்பிக்கொள்ளலாம். விறைத்து நிற்கும் கவையை அரிவாளால் பாதி வெட்டி மடக்குங்கள், அல்லது கழித்துவிடுங்கள். சோம்பலில் இதை விட்டால்தான் மறுபடி பொந்து விழும். முழங்கால் உயரத்துக்கு ஒருதரம் ஏறி மிதித்து அமுக்க வேண்டும். முள் இருந்தால் மிதிக்காமல் பலகை போட்டு அமுக்குங்கள். முள்ளைக் கவைக்கோலால் தள்ளி நடுவில் வைத்து, மேலடுக்கில் மட்டும் நுனி ஆடு வரும் பக்கம் நீட்டியபடி படிய வைக்கலாம். காலின் தலைக்கு மேல் ஒரு முழம் கூடுதலாக அடைத்துவிடுங்கள், அது எப்படியும் இறங்கும்.

பத்து மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் உயரம் என்றால் 6 கனமீட்டர் அடைப்பு. மிதித்த பின் கிளை சுமார் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆக, குவியலாகப் பார்க்கும்போது 18 கனமீட்டர் கைவசம் இருக்க வேண்டும். பெரும்பாலானோர் இந்தக் கணக்கைப் போடாமல் நூறு மீட்டருக்குக் கால் ஊன்றிவிட்டு, கிளை போதாமல் லேசாகப் பரப்பிவிடுகிறார்கள். இருக்கிற கிளைக்கு இருபது மீட்டர்தான் வருமென்றால் இருபதே கட்டுங்கள், மீதி அடுத்த கவாத்தில்.

இனி உங்கள் நிலத்தின் முக்கியச் சிக்கல்: தண்ணீர். தரையோடு ஒட்டாத கிளைக்கு அடியில் வெள்ளம் வேகம் பிடித்து மண்ணை வாரும். அடிக்கட்டைகள் உட்காரும் இடத்தில் 10–15 செ.மீ. ஆழத்துக்குச் சிறு பள்ளம் பறித்து, கட்டையை அதில் பதித்து, பறித்த மண்ணை மேட்டுப்பக்கம் அணைத்து மிதியுங்கள். மண்ணுக்கும் கட்டைக்கும் இடையில் தழையைத் திணித்துவிட்டால் வண்டல் தங்கும்.

எல்லை சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக இறங்கினால், அந்த வேலி மண்ணைக் காக்காது. அதன் ஓரமே வாய்க்காலாகிவிடும். அங்கே வேலியிலிருந்து நிலத்துக்குள் குறுக்கே முழங்கால் உயரக் கிளைத்தடுப்புகள் பிடியுங்கள். இவை சமமட்டத்தில் போக வேண்டும். மட்டம் பார்க்கத் தண்ணீர் ஊற்றிய டியூப் போதும், கண்ணளவு ஏமாற்றும். நூறு மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் சரிவில், 20 மீட்டருக்கு ஒரு தடுப்பு வைத்தால் இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டர் இறக்கம் வரும், அது சரியான அளவு. ஒவ்வொரு தடுப்பின் வெளிமுனையையும் மேட்டை நோக்கிச் சற்றே வளைத்துவிடாவிட்டால் தண்ணீர் முனையைச் சுற்றிக்கொண்டு அங்கே ஓடை பறிக்கும். ஏற்கெனவே ஓடையாகிவிட்ட இடத்தில் தடுப்பின் இரு முனையும் கரைக்குள் அரை மீட்டர் புதைந்திருக்க வேண்டும், நடுப்பகுதி இரு ஓரத்தையும்விடத் தாழ்வாக இருக்க வேண்டும், தண்ணீர் விழும் இடத்தில் கல் அல்லது கிளைப்பரப்பு வேண்டும். மேலே உள்ள தடுப்பின் அடியும் கீழே உள்ளதன் தலையும் ஒரே மட்டத்தில் வருவதுபோல் இடம் பார்த்து அமையுங்கள்.

எதைப் போடக்கூடாது? காய்ப்பிடித்த சீமைக்கருவேலை நிலத்துக்குள் கொண்டுவராதீர்கள். விதை உங்கள் ஆட்டின் வழியாகவே பரவும். பழம் உள்ள உன்னிச்செடியும் அப்படித்தான், அதைப் பறவை பரப்பும். மாவுப்பூச்சி மொய்த்த கிளை, தண்டுத்துளைப்பான் புகுந்து தூள் கொட்டும் கிளை, வாடல் நோயில் செத்த மரம் இவற்றை வேலிக்குள் வைத்தால் பூச்சிக்கும் நோய்க்கும் நீங்களே தங்குமிடம் கட்டிக்கொடுத்ததாகும். தென்னந்தண்டும் வேண்டாம், காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். மாவில் வெட்டிய புல்லுருவியை, பழம் இல்லாவிட்டால் தாராளமாகப் போடலாம். உயிருள்ள மரம் இல்லாமல் அது பிழைக்காது. கறையானுக்கு அஞ்சி மருந்து தெளிக்காதீர்கள், வேலியில் குடியேற வரும் உயிர்களுக்கும் அது விஷம். பழமரத்தின் அடிமரத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளிக் கட்டினால் போதும்.

உயிர்வேலிக்கு வருவோம். ஜெர்மனியில் 1980களில் ஹெர்மான் பெஞ்செஸ் என்பவர் இத்தகைய கிளைவரிசைகளைப் பரப்பினார். பறவை உட்கார்ந்து எச்சமிட, விதை விழுந்து தானே வேலி முளைக்கும் என்பது அவர் எண்ணம். முளைப்பது உண்மைதான், ஆனால் முந்திக்கொள்வது பெரும்பாலும் களையும் கொடியும். காத்திருக்காமல் மழை தொடங்கும்போது உங்கள் நிலத்துப் பக்கம், அடைப்பை ஒட்டிக் கிளுவை, பூவரசு, கிளிரிசிடியா போத்துகளை (நட்டால் வேர்விட்டுத் துளிர்க்கும் கிளைத்துண்டுகளை) முழத்துக்கு ஒன்றாக நடுங்கள். மேய்ச்சலிலிருந்தும் வெயிலிலிருந்தும் அடைப்பு அதைக் காக்கும். ஊன்றுகால்களிலேயே சிலவற்றைக் கிளிரிசிடியாவில் புதிதாக வெட்டி நட்டால் அவையும் துளிர்த்துவிடும். தலைகீழாக நட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடையிடையே வேம்பும் இலந்தையும் தானாக வந்தால் விட்டுவிடுங்கள்.

உயிர்களுக்கு எது பயன்படும் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரே சீராக அடைத்த வேலியைவிட, அடியில் இரண்டு மூன்று தடித்த கட்டைகள் மண்ணோடு கிடந்து, இடையே கை நுழையும் சந்து உள்ள வேலிக்குத்தான் தேரை, அரணை, ஓணான் வரும். உளுத்த கட்டையில் தச்சன் வண்டு துளையிடும். தவிட்டுக்குருவி சருகைக் கிளறிப் பூச்சி தேடும், செம்போத்து உள்ளே புகுந்து மேயும். தனித்தனிக் குவியலாக இல்லாமல் மரத்தோப்பையோ குளக்கரையையோ தொட்டுக்கொண்டு நீளமாகப் போனால் அவை வெட்டவெளியில் இறங்காமல் நடமாடும்.

பாம்பு வரும், மறைக்கவில்லை. எலி இருக்கும் இடத்துக்குச் சாரை வரும், நல்லபாம்பும் கண்ணாடி விரியனும்கூட வரலாம். அதனால் வீடு, தொழுவம், தானியக்கிடங்கு, பிள்ளைகள் நடக்கும் பாதை இவற்றை ஒட்டி இந்த வேலியே வேண்டாம். அங்கே கம்பியோ வெறும் உயிர்வேலியோ போடுங்கள். வேலியின் இருபுறமும் ஒரு மீட்டர் புல்லைச் செதுக்கிவைத்தால் கிடப்பது தெரியும். பழைய அடைப்பில் வெறுங்கையை விடாதீர்கள், கழியால் தட்டிவிட்டுத்தான் தொட வேண்டும்.

தீயும் கவனிக்க வேண்டியது. 20–25 மீட்டருக்கு ஒருதரம் மூன்று மீட்டர் விட்டுவிடுங்கள், அந்த இடைவெளியைப் போத்து மட்டும் நட்டு நிரப்பலாம். மின்கம்பிக்கு அடியில் கட்டாதீர்கள்.

காட்டுப்பன்றியை இது தடுக்காது. மூக்கை நுழைத்துப் பிரித்துவிடும். ஆடு, மாட்டுக்கு மட்டும்தான் இது தடை. அதுவும் பச்சைத்தழை வாடும்வரை ஆடு வேலியையே தின்னப் பார்க்கும். எனவே இலை உதிர்ந்த பிறகு, வெட்டி இரண்டு மூன்று வாரம் கழித்து அடுக்கினால் இறங்குவதும் குறையும்.

வருஷம் ஒருதரம், கூடு இல்லை என்று பார்த்துக்கொண்டு, அந்த வருஷக் கவாத்தை மேலே அடுக்குங்கள். அடியில் மக்கியதைக் கிளறி எடுக்க வேண்டாம், போத்தின் வேர் அதற்குள்தான் ஓடும்.