சக்கரம் இல்லாத சாம்ராஜ்யம்

கேள்வி: இன்காக்களைப் 'பேரரசு' என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். சக்கரம் கிடையாது, இரும்பு கிடையாது, எழுத்து கிடையாது. 168 ஸ்பானியர்களிடம் ஒரே நாளில் தோற்ற மலைவாசிக் கூட்டத்துக்கு இது கொஞ்சம் அதிகமான பட்டம் இல்லையா? நிர்வாகம் என்பதே வெள்ளைக்காரன் போய்க் கற்றுக்கொடுத்ததுதானே?

- திண்டுக்கல் வாசகர் ஒருவர்

பதில்: சக்கரத்திலிருந்தே தொடங்குவோம். இன்காக்கள் ஆண்ட தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் படிக்கட்டுப் படிக்கட்டாக ஏறும் பாதையில், சுமார் 30 கிலோவுக்கு மேல் சுமக்காத லாமா என்ற விலங்கை வைத்துக்கொண்டு, வண்டியை எங்கே ஓட்டச் சொல்கிறீர்கள்? அங்கே தேவை நல்ல பாதையும் பாலமும். இன்றைய கொலம்பியாவின் தெற்கு ஓரத்திலிருந்து சிலியின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் சாலை இருந்தது. பள்ளத்தாக்குகளுக்குக் குறுக்கே புல்லைக் கயிறாகத் திரித்துத் தொங்குபாலம் கட்டினார்கள். பெருவில் கெஸ்வாசாகா என்ற இடத்தில் அப்படி ஒரு பாலத்தைச் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் இப்போதும் புதிதாகப் பின்னிக் கட்டுகிறார்கள்.

இதையெல்லாம் காசில்லாமல் செய்தார்கள். நாணயமே புழங்காத அரசில் வரி என்பது உழைப்புதான். 'மீதா' என்று பெயர். குடும்பத்துக்கு இத்தனை நாள் சாலை வேலை, வயல் வேலை, போர் என்று முறை வரும். முறை பார்க்க வந்தவருக்குச் சோறும் மக்காச்சோளக் கள்ளும் அரசு போட வேண்டும். அதற்கான தானியம் மலைச்சரிவில் வரிசை வரிசையாக நின்ற களஞ்சியங்களில் இருந்தது. பொலிவியாவின் கோட்டபாச்சியில் மட்டும் இப்படி 2,400 களஞ்சியங்களின் அடித்தளம் கிடைத்திருக்கிறது. உருளைக்கிழங்கை இரவு உறைபனியில் போட்டு, பகல் வெயிலில் காயவைத்து, காலால் மிதித்து நீரைப் பிழிந்து வற்றலாக்கி வைத்தார்கள். வருஷக்கணக்கில் கெடாது. (அந்த மலைக்காரர்கள் பயிராக்கிய கிழங்கு இல்லாவிட்டால் நம் மசால் தோசைக்குள் என்ன இருந்திருக்கும் என்பது தனிக் கேள்வி.)

சரி, எழுத்து. அவர்களிடம் 'கீப்பு' இருந்தது. ஒரு முதன்மைக் கயிற்றில் தொங்கும் பல கிளைக் கயிறுகள், அவற்றில் முடிச்சுகள். ஒன்று, பத்து, நூறு என்று முடிச்சு விழும் இடத்துக்கு ஒரு மதிப்பு. முடிச்சு இல்லாத இடம் பூஜ்யம். இது வெறும் ஞாபகக் கயிறு என்று நினைப்பவர்களுக்கு பெருவின் ஹவுஹா பள்ளத்தாக்கு வழக்கைச் சொல்ல வேண்டும். அங்கிருந்த வாங்கா என்ற இனத்தின் தலைவர்கள் இன்காக்களுக்கு எதிராக ஸ்பானியருடன் சேர்ந்தவர்கள். ஸ்பானியப் படைகள் வந்து தின்ற மக்காச்சோளம், ஓட்டிப்போன லாமா, எடுத்துப்போன துணி, அனுப்பிய சுமைகூலிகள் எல்லாவற்றையும் 1530-களிலிருந்து முடிந்து வைத்திருந்தார்கள். 1561-இல் லிமாவின் ஸ்பானிய நீதிமன்றத்தில் அந்தக் கயிறுகளைக் காட்டிக் கணக்கு ஒப்பித்தார்கள். நாங்களாகக் கொடுத்தது தனி, நீங்கள் கொள்ளையடித்தது தனி! ஸ்பானியக் குமாஸ்தா உட்கார்ந்து எழுதிக்கொண்டார். ஏறத்தாழ முப்பது வருஷப் பாக்கியைப் பைசா பிசகாமல் வைத்திருந்தவர்களுக்கு நிர்வாகம் கற்றுக்கொடுத்தது யார் என்கிறீர்கள்?

அந்த வாங்காக்கள் ஏன் கட்சி மாறினார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இன்கா ஆட்சி தர்மராஜ்யம் அல்ல. அடங்காத மக்களை ஊரோடு பெயர்த்து வேறு மூலைக்கு அனுப்பியது. குழந்தைகளை மலைச்சிகரத்துக்குக் கொண்டுபோய்ப் பலி கொடுத்தது. அர்ஜென்டினாவில் 6,700 மீட்டருக்கு மேல் உயரமுள்ள யுயையாகோ சிகரத்தில் உறைந்த நிலையில் மூன்று குழந்தைகளின் உடல்கள் 1999-இல் கிடைத்தன. பேரரசு என்று நான் எழுதியது பாராட்டுப் பத்திரமாக அல்ல. மற்ற பேரரசுகள் செய்த நல்லதையும் கெட்டதையும் இதுவும் செய்தது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த 168 பேர். அவர்கள் வருவதற்கு முன்பே கொள்ளைநோய் வந்துவிட்டது. மன்னர் வாய்னா காபாக் இறந்துபோக, அவருடைய இரண்டு மகன்கள் உள்நாட்டுப் போரில் நாட்டை இரண்டாக்கியிருந்தார்கள். ஜெயித்த அதாவால்பாவை 1532 நவம்பரில் கஹமார்கா நகரில் ஸ்பானியத் தளபதி பிசாரோ வஞ்சகமாகப் பிடித்தார். விடுவிக்க விலை, ஓர் அறை நிறையப் பொன், இரண்டு மடங்கு வெள்ளி. பூட்டிய அறைக்குள்ளிருந்து அந்தக் கைதி உத்தரவு போட்டார். ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தலைநகர் குஸ்கோவிலிருந்துகூட, கோயில் சுவரில் பதித்த தங்கத் தகடுகளைப் பெயர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் ஆட்கள் நடந்து வந்தார்கள். தலைவன் சிறையில் இருக்கும்போதும் ஆணை போய்ச் சேர்கிற இடத்துக்கு 'கூட்டம்' என்று பெயர் வைத்தால், நம் தாலுகா அலுவலகத்துக்கு என்ன பெயர் வைப்பது?

பொன்னை வாங்கிக்கொண்டு 1533-இல் அவரைக் கொன்றும் விட்டார்கள். ஆனாலும் அரச குடும்பத்து மாங்கோ இன்கா 1536-இல் பெரும்படை திரட்டிக் குஸ்கோவை முற்றுகையிட்டார். பிறகு வில்கபாம்பா மலைக்காட்டில் ஓர் இன்கா அரசு இயங்கியது. ஸ்பானியர்கள் அதைப் பிடித்தது 1572-இல். உங்கள் கணக்கில் அந்த நாற்பது வருஷம்தான் 'ஒரே நாள்'.