நகை வங்கியில், கதவு மழையில்

கேள்வி: பண்டாரவளைக்குப் பக்கத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியை நான். கணவருக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. இரண்டு பிள்ளைகள். என் சம்பளம் கைக்கு 78,000 ரூபா, அவர் அனுப்புவது 55,000. வீட்டுச் செலவு 72,000, சீட்டு 15,000. 12 பேர்ச் காணி உறுதியோடு இருக்கிறது. அதில் அழுத்திய மண்கல்லும் பழைய மரமும் வைத்து 750 சதுர அடியில், தண்ணீருக்கும் கரண்டுக்கும் யாரையும் நம்பாத ஒரு வீடு கட்ட ஆசை. 14 பவுண் நகையை 15 வீத வட்டிக்கு வைத்து 9 இலட்சம் எடுத்தோம். பொன் விலை ஏற ஏற, ஒரு வருடத்தில் 13 இலட்சமாகவும் அடுத்த வருடம் 21 இலட்சமாகவும் திருப்பி வைத்ததில் இப்போது 21 இலட்சம் நிற்கிறது. கடைசியாக வைத்து அடுத்த மாதத்தோடு எட்டு மாதம். உடைத்த பங்களா ஒன்றின் கதவு, ஜன்னல், வளை, தகரத்துக்கு 5,40,000 போனது. பெக்கோ வைத்து மண் வெட்ட 1,80,000. கணவரின் அண்ணன் மேசன் பாஸ். கல் அறுக்க 3,50,000 முற்பணம் வாங்கினார். கல்லுக்கு 45 ரூபா கூலி பேசியிருக்கிறோம். இப்போது கல் அழுத்தும் மெஷினைப் பாதிக்குப் பாதி வாங்கலாம், உன் பங்கு 7,50,000 என்கிறார். சோலாரும் பெற்றரியும் 11 இலட்சம் என்று ஒரு கம்பனி வந்து பேசுகிறது. வங்கியில் 13 வீதத்துக்கு 7 வருடச் சம்பளக் கடனாக 15 இலட்சம் எடுத்து வேலையைத் தொடங்கலாமா? அடுத்த மாதம் 3 இலட்சம் சீட்டு விழும். அரச ஊழியருக்குக் கொடுக்கும் இடர்க் கடன் இதுவரை எடுக்கவில்லை.

பதில்: எடுக்க வேண்டாம். அந்தக் கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 27,300 வரும். 21 இலட்சம் அடகுக்கு மாத வட்டி 26,250. இரண்டும் 53,550. செலவும் சீட்டும் போக உங்கள் கையில் மிஞ்சுவது 46,000. மாதம் ஏழாயிரத்துச் சொச்சம் துண்டு விழும், அதை அடைக்க எங்கே போவீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

மண்கல் வீடு நல்ல யோசனைதான், அதில் எனக்குக் குறை இல்லை. குறை, நகையைத் திருப்பாமல் திருப்பித் திருப்பி வைப்பதில். 9 இலட்சம் எடுத்தீர்கள். ஒரு வருட வட்டியோடு 10,35,000. அதை அடைத்து 13 இலட்சமாக வைத்தபோது கைக்கு வந்தது 2,65,000. அடுத்த வருடம் 13 இலட்சம் 14,95,000 ஆனது. 21 ஆக வைத்தபோது கைக்கு 6,05,000. ஆக நீங்கள் கண்ணால் கண்ட காசு 17,70,000. கடன் 21,00,000. இடையில் உள்ள 3,30,000 வட்டி, உங்கள் பர்ஸைத் தொடாமலே போயிருக்கிறது. அதனால்தான் வலிக்கவில்லை. கண்ட காசிலும் நீங்கள் கணக்குச் சொன்னது 10,70,000க்குத்தான். மீதி ஏழு இலட்சம் வீட்டுக்கு ஒரு கல்லாகக்கூட வரவில்லை.

பொன் விலை ஏறியதால் தப்பித்தீர்கள், உண்மை. ஆனால் வருடம் 15 வீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டே இருந்தால்தான் இந்த விளையாட்டு செல்லும். 2013இல் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது நம் நாட்டில் அடகு வைத்தவர்களும் வங்கிகளும் பட்ட பாடு நினைவிருக்கும். அப்படி ஒரு வருடம் வந்தால் மேலதிகமாக எடுக்க வழி இருக்காது. வட்டியைக் கையிலிருந்து கட்ட வேண்டும், அல்லது ஏலம்.

இனி செய்ய வேண்டியது. 14 பவுணும் ஒரே அடகுத் துண்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சீட்டுக் காசு 3 இலட்சம் வந்ததும் எட்டு மாத வட்டி 2,10,000ஐக் கட்டி, அதே 21 இலட்சத்தை இரண்டு இரண்டு பவுணாக ஏழு துண்டுகளாக மாற்றித் தரச் சொல்லுங்கள். துண்டுக்கு 3 இலட்சம். ஒரு ரூபாகூட மேலதிகமாக எடுக்காதீர்கள். கையில் மிச்சம் 90,000. வலயக் கல்வி அலுவலகத்தில் இடர்க் கடனுக்கு விண்ணப்பித்து 2,10,000 எடுங்கள். அதன் வட்டி 4.2 வீதம், 15 வீதத்துக்குப் பக்கத்தில் அது வட்டியே இல்லை. இப்போது 3 இலட்சம். முதல் துண்டைத் திருப்பி அந்த இரண்டு பவுணை விற்றுவிடுங்கள். பவுணுக்கு 2,80,000 என்று குறைத்தே வைத்தாலும் 5,60,000. அதில் இரண்டாவது துண்டைத் திருப்பி விற்க, கையில் 8,20,000. மூன்றாவதையும் அப்படியே செய்தால் 10,80,000. அதில் மூன்று துண்டுகளைத் திருப்பி, விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கையில் 1,80,000 மிஞ்சும்.

இடையில் ஓடும் சில நாள் வட்டியை நான் சேர்க்கவில்லை. முடிவில் விற்றது ஆறு பவுண், அலுமாரியில் ஆறு, வங்கியில் இரண்டு. வருட வட்டி 3,15,000 இருந்த இடத்தில், இடர்க் கடனின் வட்டியையும் சேர்த்து 54,000க்குள் நிற்கும். மகளின் நகையை விற்பதா என்று வீட்டில் கேட்பார்கள். இன்று அந்தப் பதினான்கும் மகளிடம் இல்லை, வங்கியிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். கடைசித் துண்டை மாத மிச்சத்திலேயே எட்டு ஒன்பது மாதத்தில் திருப்பிவிடலாம்.

அடுத்தது மெஷின். 750 சதுர அடிக்கு வெளிச் சுவரும் உள் சுவருமாக, வாசல் ஜன்னல் கழித்து ஏறக்குறைய 120 சதுர மீற்றர். 29 சென்ரிமீற்றர் நீளமும் 9 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள கல் என்றால் சதுர மீற்றருக்கு 33. உடைசலையும் சேர்த்து 4,300 கல். கையால் அழுத்தும் மெஷினில் ஐந்து பேர் நின்றால் நாளைக்கு 300 கல் தாராளமாக விழும். மொத்தம் பதினைந்து நாள் வேலை. அதற்கு ஏழரை இலட்சத்தில் பங்காளி ஆவதா? வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள். மண் 9 கியூப் (900 கன அடி), அது பெக்கோ வெட்டிப் போட்டதிலேயே கிடக்கலாம். 7 வீதம் கலந்தால் சீமெந்து 41 மூடை. மூடை 2,000 என்றாலும் 82,000 ரூபா. கூலி 45 ரூபாப்படி 1,93,500. அண்ணன் வாங்கியதோ மூன்றரை இலட்சம். கல் முழுவதையும் அறுத்து முடித்தாலும் 1,56,500 அவர் பக்கம் நிற்கிறது. அது சுவர் கட்டும் கூலியில் கழியும் என்று ஒரு தாளில் எழுதி, கணவரை வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்குங்கள். சொந்தத்துக்குள் எழுத்தா என்று முகம் சுளித்தால், சுளிக்கட்டும். அது கழிந்து முடியும்வரை இன்னொரு முற்பணம் கிடையாது.

கல் அறுக்கும் முன் மண்ணைப் பார்த்தாரா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வேர் கலந்த கறுப்பு மேல்மண் ஆகாது, ஓர் அடியாவது வழித்து ஒதுக்க வேண்டும். கீழ் மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் அரை மணித்தியாலத்தில், களி அடுத்த நாள். மணல் மூன்றில் இரண்டு பங்கும், களியும் வண்டலும் சேர்ந்து ஒரு பங்கும் இருந்தால் நல்லது. களி கூடினால் காயும்போது வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். மணல் கூடினால் ஓரம் உதிரும். கலந்த மண்ணை உருண்டை பிடித்து ஒரு மீற்றர் உயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் ஈரம் சரி. அப்படியே கிடந்தால் தண்ணீர் கூட, பொடியானால் போதாது. சீமெந்து கலந்ததை ஒரு மணித்தியாலத்துக்குள் அழுத்திவிட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காலைக் கலவையை எடுத்து அடிப்பதில்தான் பாதிக் கல் பழுதாகிறது. அறுத்த கல்லைப் பொலித்தீனால் மூடி இரண்டு கிழமை தண்ணீர் தெளித்து, 28 நாள் போன பிறகே சுவரில் வைக்க வேண்டும். முதலில் ஒரு நூறு கல் மட்டும் அறுத்து, ஒன்றை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஓரம் கரைந்தால் மிச்சத்தை நிறுத்துங்கள்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, டீச்சர். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவையும் 2025 நவம்பரில் டித்வா புயலோடு நடந்ததையும் பதுளை மாவட்டத்துக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த அறிக்கையைப் பற்றியும் கடிதத்தில் ஒரு வரி இல்லை; அது இல்லாமல் பெக்கோவைக் கொண்டுவந்திருந்தால் காசிலும் பிழை, உயிருக்கும் பிழை. வெட்டிய மண் செங்குத்தாக நின்றால் அதன் அடியில் அத்திவாரம் வேண்டாம். மேலே மழைத்தண்ணீரைத் திருப்பும் கானும், தடுப்புச் சுவரில் தண்ணீர் வழியும் துவாரங்களும் எங்கே வர வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். கையில் மிஞ்சும் 1,80,000இல் முதல் செலவு இதுவும் பிரதேச சபை அனுமதிக்கான வரைபடமும்தான். காணி சரியில்லை என்று வந்தால் கதவும் வளையும் வேறிடத்துக்குப் போகும். சுவர் எழும்பிய பிறகு வந்தால் எதுவும் போகாது.

சோலார்காரரை வாசலோடு அனுப்புங்கள். உங்கள் கரண்ட் பில் மாதம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 2,400 என்று வைத்தால் வருடத்துக்கு 28,800. 11 இலட்சத்தை அதால் வகுத்தால் 38 வருடம். பெற்றரி பத்து வருடம் தாங்கினாலே பெரிது. மூடுபனியும் மேகமும் உள்ள மலைச் சரிவில் ஒரு பனல் தருவது, அவர்கள் படத்தில் காட்டும் வெயில் ஊரின் கணக்கு இல்லை. கூரையில் வயர்க் குழாய் விட இடம் வைத்துக் கட்டுங்கள், வேண்டுமானால் பிறகு பார்க்கலாம். சாண எரிவாயுவை யாராவது சொன்னால், எத்தனை மாடு என்று மட்டும் கேளுங்கள்.

தண்ணீரில் போடும் காசு வேறு. 1990களின் நடுவில் சமூக நீர் வழங்கல் திட்டம் உங்கள் பதுளை மாவட்டத்திலும் மாத்தறையிலும் 5,000 லீற்றர் மழைநீர்த் தாங்கிகளை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. பூசணி உருவில் கம்பிவலையும் சீமெந்தும் வைத்துச் செய்தவை இன்றும் அங்கங்கே காணலாம். தாழ்வாரத்தோடு 95 சதுர மீற்றர் கூரை, வருடத்துக்கு 1,500 மில்லிமீற்றர் மழை, ஐந்தில் ஒரு பங்கு வீண் என்று வைத்தாலும் 1,14,000 லீற்றர் கிடைக்கும். மழை போதும், சேர்த்து வைக்கும் இடம்தான் போதாது. குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 100 லீற்றர் என்றால் ஒரு தாங்கி ஐம்பது நாள் தாங்கும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை வரட்சி அதைவிட நீளம், ஆகவே குழாய் இணைப்பை விட்டுவிடாதீர்கள். பழைய தகரத்தில் பெயின்ட் இருந்தால் அந்தத் தண்ணீர் தோட்டத்துக்கு மட்டும்.

அந்த 5,40,000 ரூபாச் சாமானுக்கு வருவோம். இருக்கும் கதவு ஜன்னலை ஒவ்வொன்றாக அளந்து, அந்த அளவுக்கு வரைபடத்தைப் போடச் சொல்லுங்கள். வரைபடத்தில் இடம் கிடைக்காததை இந்த மாதமே விற்றுவிடுங்கள். மலிவு என்று இனி எதுவும் வாங்க வேண்டாம். ஆஸ்பெஸ்டஸ் சீற் கலந்து வந்திருந்தால் வெட்டவோ துளைக்கவோ கூடாது, தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வேலையை எப்போது தொடங்குவது? ஊவாவில் மழை ஒக்டோபரில் பிடித்தால் ஜனவரி வரை. மண்சுவரை ஜூனில் தொடங்கி செப்டெம்பருக்குள் கூரை போட்டு மூட வேண்டும். கூரை இல்லாமல் ஒரு மழைக்காலம் நின்ற சுவரின் மேல்வரிசையை உடைத்துத்தான் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஒரு வரட்சியில் கருங்கல் அத்திவாரம் மட்டும், நிலத்துக்கு மேல் ஒன்றரை அடி. அடுத்த வரட்சியில் சுவரும் இரண்டரை அடி தாழ்வாரம் விட்ட கூரையும். கடைசித் துண்டு திரும்பிய பிறகு மாதம் 42,000 ஒதுக்கினால் வருடத்துக்கு 5 இலட்சம். இந்த வேகத்துக்கு அது ஒத்துவரும்.

அதுவரை மரத்தை நிலத்திலிருந்து ஓர் அடி உயர்த்தி அடுக்குங்கள். இரண்டு அடிக்கு ஒன்றாக ஓர் அங்குலச் சட்டம் இடையில் கொடுத்து, மேலே மட்டும் தகரத்தால் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். நாலா பக்கமும் இறுக்கி மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பொடி கொட்டும் துளைகள் தெரிந்த துண்டுகளை வேறாக எடுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரை இரண்டு தடவை பூசிய பிறகே மற்றதோடு சேருங்கள்.