கலேரா கிளஸ்டரை அணைத்து எழுப்புவது: கேள்வி பதில்

கே: அண்ணா, சனிக்கிழமை மின்வாரியப் பராமரிப்பு, 9 முதல் 5 வரை கரண்ட் இல்லை. யூபிஎஸ் 1 மணி நேரம்தான் தாங்கும். மரியாடிபி டேட்டாபேஸ், அதன் பிரதியை எல்லா சர்வரிலும் ஒன்றுபோல வைத்திருக்கும் கலேரா, மொத்தம் 3 சர்வர். எந்த வரிசையில் நிறுத்துவது?

ப: முதலில் அப்ளிகேஷனை நிறுத்துங்கள். அப்புறம் ஒவ்வொரு சர்வராக மரியாடிபியை நிறுத்துங்கள், ஒன்று முழுதாக அடங்கிய பிறகுதான் அடுத்தது. முறையாகச் சொல்லிக்கொண்டு போகிற சர்வரை மற்றவை கணக்கிலிருந்து கழித்துவிடும், அதனால் பெரும்பான்மை (கணக்கிலுள்ள சர்வர்களில் பாதிக்கு மேல்) போச்சு என்று மிச்சமிருப்பது முரண்டு பிடிக்காது. கடைசியாக அணைத்தது எது என்று ஒரு சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டுங்கள். மாலையில் முதலில் எழ வேண்டியது அதுதான், கிளஸ்டரைப் புதிதாகத் தொடங்கும் ‘கலேரா நியூ கிளஸ்டர்’ கட்டளை அதில் மட்டும்தான். மற்ற இரண்டுக்கும் சாதாரண ஸ்டார்ட், ஒன்று ‘சிங்க்டு’ (மற்றவற்றோடு ஒத்துப்போயிற்று) என்று காட்டியதும் அடுத்தது. கிளஸ்டர் சைஸ் 3 வந்ததும் அப்ளிகேஷனைத் திறங்கள்.

கே: சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போய் மூன்றும் விழுந்துவிட்டது. எதுவும் எழவில்லை.

ப: கலேரா தன் நிலையைக் குறித்துவைக்கும் கிராஸ்டேட் கோப்பைத் திறந்தால் மூன்றிலும் கடைசி மாற்றத்தின் வரிசை எண் -1 (தெரியவில்லை), ‘சேஃப் டு பூட்ஸ்ட்ராப்’ (இதிலிருந்து கிளஸ்டரைத் தொடங்கலாமா) 0 என்று இருக்கும். அவசரப்பட்டு ஏதோ ஒன்றில் 1 போட்டுவிடாதீர்கள். மூன்றிலும் ‘டபிள்யூஎஸ்ரெப் ரெக்கவர்’ ஓட்டினால் உண்மையான எண் லாகில் வரும். பெரிய எண் உள்ளதில் மட்டும் 1, நியூ கிளஸ்டரும் அதில் மட்டும்.

கே: நான் மூன்றிலுமே 1 போட்டு நியூ கிளஸ்டர் கொடுத்தேன், நன்றாகத்தானே ஓடுகிறது?

ப: ஓடும், தனித்தனியாக. உங்களிடம் இருப்பது இப்போது 3 கிளஸ்டர். லோட் பேலன்சர் காலையிலிருந்து பில்களை மூன்றுக்கும் பங்குபோட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். உடனே அப்ளிகேஷனை நிறுத்தி, மூன்றிலும் டம்ப் (டேட்டாவின் நகல்) எடுத்துவிட்டு வாருங்கள்.

கே: எதற்கு இத்தனை சடங்கு? நாங்கள் ஒரே ஸ்கிரிப்டில் மூன்றையும் சேர்த்தே அணைக்கிறோம், இதுவரை ஒன்றும் ஆனதில்லை.

ப: எது கடைசி என்று யாருக்கும் தெரியாமல் போகிற அன்று மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கே: அதே ஸ்கிரிப்ட் ஆள்தான். மூன்று பிரதி இருக்கும்போது என்ன பயம்? பேக்கப்பே தேவையில்லை என்கிறேன்.

ப: ஒருவர் தவறுதலாக டேபிளை டிராப் செய்தால் அதுவும் மூன்று பிரதியிலும் போய்விடும். ஒரு சர்வர் செத்தால் கலேரா தாங்கும், தப்பான கட்டளையைத் தாங்காது. அணைக்கும் முன் பேக்கப், அதுவும் வேறு பெட்டியில்.

கே: எழுப்பும்போது எந்த சர்வர் முதலில் சார்?

ப: கடைசியாக அணைத்தது. முதல் பதில்.

கே: திரும்பச் சேரும் சர்வருக்குப் போகும் முழுக் காப்பி பாதியில் நின்றுவிடுகிறது.

ப: டேட்டா பெரியதென்றால், லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் நேரக்கெடு முந்திக்கொண்டிருக்கலாம், ஏற்றிவையுங்கள்.

கே: 2 சர்வர் போதாதா?

ப: இரண்டில் ஒன்று பெரும்பான்மை ஆகாது. மூன்றாவது வாங்க முடியாவிட்டால் ஓட்டுப் போட மட்டும் ‘கார்ப்டி’யை ஒரு சின்னப் பெட்டியில் ஓட்டுங்கள்.

கே: விண்டோஸ் ஃபெயிலோவர் கிளஸ்டருக்கும் இதே வரிசையா?

ப: அது என் ஏரியா இல்லை, விண்டோஸ் அட்மினிடம் கேளுங்கள்.