காப்பை அடகு வைத்துக் கொழும்பு பார்க்கலாமா?

கேள்வி: நாங்கள் கொக்குவிலில் இருக்கிறோம். கணவர் இரும்புக் கடையில் வேலை, நான் முன்பள்ளி ஆசிரியை. மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7. இருவரும் இன்னும் கொழும்பைக் கண்டதில்லை. ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு சனி, ஞாயிறு மாமியையும் கூட்டிக்கொண்டு ஐந்து பேராகப் போய், இடங்கள் பார்த்து நல்லாய்ச் சாப்பிட்டு வர ஆசை. கையில் 25,000 ரூபா சேமிப்பு இருக்கிறது. மாதச் செலவெல்லாம் போக 12,000 ரூபா மிஞ்சும். என் காப்பு ஒன்றை 80,000 ரூபாவுக்கு அடகு வைப்போம், வட்டி நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாதானே என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. பிள்ளைகளுக்கு ஊர் காட்டுவதை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன். கட்டாயம் போங்கள். ஆனால் ஓகஸ்டில் வேண்டாம், டிசம்பரில் போங்கள். காப்பைத் தொடவேண்டாம்.

80,000 ரூபாவுக்கு மாத வட்டி 1,200 ரூபா. ஒரு வருடம் கழித்து மீட்டால் வட்டி மட்டும் 14,400. கொழும்பில் ஐந்து பேரும் ஓர் இரவு தங்கும் காசு அது. நடுவில் ஒரு காய்ச்சலோ கூரைத் திருத்தமோ வந்தால் மீட்கும் நாள் தள்ளிப்போகும், வட்டியும் ஏறும். 1995 இடம்பெயர்வில் எங்கள் குடும்பம் தென்மராட்சியில் இருந்தபோது, அம்மா கையில் கிடந்த காப்பை விற்றுத்தான் எங்களுக்குச் சோறு போட்டார். அதனால் நகையை ஆபத்துக்கென்று வைத்திருக்க வேண்டிய பொருளாகவே நான் பார்க்கிறேன்.

ஓகஸ்ட் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நல்லூர்த் திருவிழா 25 நாளும் பெரும்பாலும் அந்த மாதத்தை ஒட்டித்தான் வரும். கொழும்புச் சொந்தங்கள் உங்கள் வீட்டுக்கு வருவார்கள், அதற்கும் செலவு இருக்கும். தேர், தீர்த்தம் முடிந்த கையோடு அவர்கள் எல்லோரும் திரும்புவதால் கொழும்புப் பக்கம் ஆசனம் கிடைப்பதும் சிரமம்.

மிஞ்சும் 12,000 ரூபாவில் 8,000ஐ இந்த மே மாதத்திலிருந்து ஒதுக்குங்கள். நவம்பர் வரை ஏழு மாதம், 56,000 ரூபா. கையில் உள்ள 25,000உம் சேர்ந்தால் 81,000 ஆகிறது. மீதி 4,000 ரூபா வழமைபோல் அவசரத்துக்குக் கிடக்கட்டும். இந்தக் காசை வீட்டுச் செலவுக் கணக்கோடு கலக்காமல் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். ஒரு வருட நிலையான வைப்பில் போட்டால் டிசம்பரில் எடுக்க முடியாது. சீட்டிலும் போடாதீர்கள். உங்கள் முறை எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

80,000 ரூபாவை நான் இப்படிப் பிரிப்பேன்: போக்குவரத்துக்கு 25,000, தங்க 14,000, சாப்பாட்டுக்கு 18,000, கொழும்புக்குள் ஓடித்திரிய 10,000, நுழைவுச் சீட்டுகளுக்கு 8,000, சின்னச் சாமான்கள் வாங்க 5,000. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம் என்பதால் வெள்ளி இரவு ஏறி ஞாயிறு இரவு திரும்பினால் அறை ஓர் இரவுக்கு மட்டும் போதும். வெள்ளவத்தையில் சொந்தக்காரர் மனதார அழைத்தால் அங்கேயே தங்குங்கள். பனங்கட்டியும் ஒடியலும் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்படி மிஞ்சும் 14,000ஐ அங்கேயே செலவழிக்காமல் ஊருக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கொழும்பில் காசு கரைவது பெரும்பாலும் ஓட்டோவில்தான். வடக்கும் தெற்குமாக அலையாமல், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை தெஹிவளை மிருகக்காட்சிசாலை. 1936இல் தொடங்கியது, வெள்ளவத்தைக்குப் பக்கம்தான். ஏற்ற இறக்கமான இடம் என்பதால் மாமியை ஆறுதலாக நடத்திக் கூட்டிப்போங்கள். பின்னேரம் காலி வீதியில் 100 அல்லது 101 இலக்கப் பேருந்தில் ஏறினால் காலிமுகத்திடலில் இறங்கலாம். அங்கே கடற்காற்றுக்கும் பட்டம் விடவும் காசு இல்லை. இறால் வடை சுடச்சுட வாங்கிக் கொடுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

ஞாயிறு காலை வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டைக்குப் போங்கள். பாதையில் பெரும்பகுதி கடலோரமாகவே போகும். கொழும்பில் இதைவிட மலிவான, இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது. புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலை வெளியே நின்றே பார்க்கலாம். அப்புறம் கொச்சிக்கடை. அந்தோனியார் கோயிலும், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் கிட்டக்கிட்டவே இருக்கின்றன. மாமிக்கு அந்தக் கற்தூண்களைக் காட்டுங்கள். ஞாயிறு புறக்கோட்டையில் மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், அதுவும் உங்கள் பணப்பைக்கு நல்லதே. கடைசியாக 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம்.

சாப்பாட்டில் ஒரு நேரம் மட்டும் பெரிய உணவகம். அங்கே விலைப்பட்டியலில் இருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 10 சதவீதம் சேவைக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீதம் வற் வரியும் ஏறினால், 6,000 ரூபாச் சாப்பாடு 7,800 ரூபாவுக்குக் கிட்ட வரும். ‘வரி சேர்த்த விலையா?’ என்று இருக்கும்போதே கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மற்ற நேரங்களில் வெள்ளவத்தைச் சைவக் கடைகளில் தோசை, இடியப்பம் போதும். வழிக்குப் பருத்தித்துறை வடை கட்டிக்கொண்டு போங்கள், நாட்கணக்கில் கெடாது.

டிசம்பர் முதல் பாதிக்குள் விடுமுறை விட்டால் உடனே போய்விடுங்கள். நத்தாரை நெருங்க நெருங்கக் கூட்டமும் அறை வாடகையும் கூடும். ரயில் என்றால் 30 நாள் முன்னதாகவே ஆசனம் பதியலாம். ஒக்டோபர் முடிவில் உங்கள் கணக்கில் 73,000 ரூபா இருக்கும். நவம்பரில் பதிவு திறந்ததும் போகவும் வரவும் இரண்டு பயணத்துக்கும் தாமதிக்காமல் பதிந்துவிடுங்கள்.