சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு நாற்காலி: வாசகர் கேள்விகள்

என் மகளுக்கு 14 வயது. ஆறு வருடமாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்க ஆசைப்படுகிறாள். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
– வாசகி, பெரம்பூர்

காதும் விரல்களும் தயாராக இருக்கும். மற்றதெல்லாம் ஏறக்குறையப் புதிது. தரையில் உட்கார்ந்து, வயலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கும்போது கருவி அசையாது. இடது கை தாராளமாக வழுக்கும். மேற்கத்திய முறையில் கருவி தோளுக்கும் தாடைக்கும் நடுவே நிற்கிறது. கை மேலே ஏறும்போது கட்டைவிரலும் கூடவே போகவேண்டும். முதல், மூன்றாம், ஐந்தாம் பொசிஷன்களை (கழுத்தில் இடது கை நிற்கும் இடங்களை) தனித்தனியாகப் பழகினால்தான் இது படியும்.

சுருதியும் வேறு. இங்கே பாடகரின் சுருதிக்கு ஏற்ப ச-ப-ச-ப. அங்கே எப்போதும் ஜி-டி-ஏ-ஈ. ஏ தந்தியின் சுருதி 440 ஹெர்ட்ஸ், ஐரோப்பியக் குழுக்கள் பலவற்றில் 442 அல்லது 443. ஒரே வயலினை இரண்டுக்கும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் தந்தி சீக்கிரம் சோர்ந்துவிடும், குதிரையும் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். இரண்டாவது வயலின் ஒன்று வாங்கிவிடுங்கள், சாதாரணமானதே போதும்.

பெரிய சிக்கல் ஜாரு. பழகிய விரல் ஒவ்வொரு ஸ்வரத்துக்குள்ளும் லேசாக வழுக்கியே நுழையும். கச்சேரியில் அது அழகு. 14 பேர் ஒரே வரியை வாசிக்கும் இடத்தில் ஒருவர் வழுக்கினாலும் வரியே கலங்கிவிடும். மெட்ரோனோமை 60-ல் வைத்து, நேராக விரல் விழும்படி ஸ்கேல் வாசிக்கட்டும். கூடவே தினமும் 15 நிமிடம், இதுவரை பார்த்திராத ஒரு பக்க நோட்டேஷனைப் பார்த்து வாசிக்கட்டும். தப்பு வந்தாலும் நிற்கவோ திரும்பவோ கூடாது. டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் அமைப்புகளின் இசைத் தேர்வுகளைச் சென்னையிலேயே எழுதலாம். எட்டாவது கிரேடு முடித்தாலே போதும் என்று மட்டும் நினைக்கவேண்டாம். ஆடிஷனுக்கான உழைப்பு அதற்குப் பிறகுதான்.

ஆடிஷனில் என்ன கேட்பார்கள்? சென்னையில் வேலை உண்டா?
– வாசகர், வேளச்சேரி

முதல் சுற்று பெரும்பாலும் திரைக்குப் பின்னால். உங்கள் பெயர் நடுவர்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். மொசார்ட்டின் வயலின் கான்செர்ட்டோ (தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த படைப்பு) ஒன்றின் முதல் பகுதி கேட்பார்கள். பிறகு ஆர்க்கெஸ்ட்ரா துண்டுகள்: ஸ்ட்ராஸின் ‘டான் யுவான்’ முதல் பக்கம், மெண்டல்சனின் ‘மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ ஷெர்ட்சோ (வேகமான, துள்ளலான பகுதி) போன்றவை. மெண்டல்சனில் வில் துள்ள ஆரம்பித்ததும் வேகம் தானாகக் கூடும். பலர் வெளியேறுவது அங்கேதான்.

தேர்வானாலும் சோதனைக் காலம் உண்டு. அப்போது பார்ப்பது பக்கத்து நாற்காலியோடு எப்படி ஒத்துப்போகிறீர்கள் என்பதை. இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட். பக்கம் புரட்டுவது உட்பக்கம் இருப்பவர் வேலை. வரி இரண்டாகப் பிரிந்தால் ரசிகர்கள் பக்கம் இருப்பவருக்கு மேல் வரி. வில் மேலா கீழா என்பதை முதல் நாற்காலிக்காரர் தீர்மானிப்பார். அதைப் பென்சிலில் குறிக்கவேண்டும், பேனா எடுக்கவே கூடாது. வாசிக்கும் இசைத்தாள்கள் பல நேரம் வாடகைக்கு வந்தவை.

மாதச் சம்பளம் தரும் முழு சிம்பொனி குழு சென்னையில் இல்லை. மும்பையில் என்சிபிஏ என்ற கலை மையத்தில் 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது. இங்கே சினிமா ரெக்கார்டிங், சர்ச், டியூஷன். ரெக்கார்டிங்கும் குறைந்துவிட்டது: பாதி வேலையைக் கம்ப்யூட்டர் சாம்பிள்கள் (முன்பே பதிவுசெய்த வாத்திய ஒலிகள்) செய்கின்றன, பெரிய பட்ஜெட் என்றால் புடாபெஸ்ட்டுக்குப் போகிறது.

எத்தனை வயது வரை வாசிக்க முடியும்?
– வாசகர், மயிலாப்பூர்

ஜேன் லிட்டில் 1945-ல், 16 வயதில், அமெரிக்காவின் அட்லாண்டா ஆர்க்கெஸ்ட்ராவில் டபுள் பேஸ் (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய கருவி) வாசிக்கச் சேர்ந்தார். 2016-ல் 87 வயதில் இறந்த நாளிலும் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். இது விதிவிலக்கு. மற்றவர்களைத் தோளும் முழங்கையும் முன்பே நிறுத்திவிடும். 45 நிமிடம் வாசித்தால் 10 நிமிடம் ஓய்வு. லீவு முடிந்து வந்ததும் முதல் வாரம் வழக்கமான நேரத்தில் பாதி போதும். இடது கை சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் அது முழங்கை நரம்பு அழுத்தமாக இருக்கலாம். தைலம் தடவிக்கொண்டு வாசிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

ரெக்கார்டிங் முடிந்ததும் இடது காதில் ‘ஙொய்’ என்கிறது. பஞ்சு வைக்கலாமா?
– வாசகர், வடபழனி

பஞ்சு மேல் ஸ்தாயியை மட்டும் மழுங்கடிக்கும், பாதுகாப்பு குறைவு. இசைக் கலைஞர்களுக்கான இயர்பிளக் 9, 15, 25 டெசிபல் அளவுகளில் கிடைக்கிறது. வயலினுக்குப் பொதுவாக 15. டிரம்பெட்டுக்கு முன்னால் உட்காருபவருக்கும் 15. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால் 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி மட்டுமே. ஹெட்போனில் ஒரு காதைத் திறந்து வைப்பவர்கள் மறு காதில் கிளிக் சத்தத்தை (தாளம் காட்டும் ‘டிக் டிக்’) கூட்டிவிடுகிறார்கள், அதைக் கவனியுங்கள். வருடம் ஒருமுறை ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் சளி என்று காத்திருக்காதீர்கள், அன்றே காது டாக்டரிடம் போங்கள்.

சென்னை ஈரக்காற்றில் வயலினை எப்படிப் பாதுகாப்பது?
– வாசகி, சாந்தோம்

வில்லின் குதிரைமுடி ஈரத்தில் நீளும். நீங்கள் திருகை இறுக்குவீர்கள். அப்படியே ஏசி ஸ்டுடியோவுக்குள் போனால் முடி சுருங்கும், குச்சி வளையும், சில சமயம் முனை உடையும். வாசித்து முடித்ததும் முடியைத் தளர்த்துங்கள். பெட்டிக்குள் சின்ன ஹைக்ரோமீட்டரும் (ஈரப்பதம் காட்டும் கருவி) சிலிக்கா ஜெல்லும் வைத்து ஈரப்பதத்தை 40-60 சதவீதத்தில் வைக்கப் பாருங்கள். கத்திரி வெயிலில் காருக்குள் ஐந்து நிமிடம்கூட வேண்டாம்.

வயலினின் ஓர ஒட்டு விட்டுப்போய் ‘கர்ர்’ என்று அதிர்ந்தால் பதறவேண்டாம். மரம் பிளப்பதற்கு முன் ஒட்டு விடட்டும் என்றுதான் அதில் விலங்குப் பசை போடுகிறார்கள். தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி (முழுவதும் தளர்த்தினால் உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்னக் குச்சி விழுந்துவிடும்) பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். ஃபெவிகால் போட்டு ஒட்டினால் அடுத்த முறை திறக்கும்போது மரமே பிய்ந்து வரும்.