மனசு நல்லது, கால் வைத்த இடமெல்லாம் சேதம்: அண்டர்டாக் மாதிரி சூப்பர் ஹீரோவை நல்லவன் என்று சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் முழு மார்க் போட மாட்டேன். அவன் உடைத்துத் தள்ளுவதால் இல்லை, உடைத்ததைப் பற்றி யாராவது கேட்டால் அவன் சொல்லும் பதிலால்.

பார்க்காதவர்களுக்காக: 1964ல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய கார்ட்டூன் தொடர் இது. ஷூ பாலிஷ் போட்டுப் பிழைக்கும் ஒரு சாது நாய். யாருக்காவது ஆபத்து என்றால் (முக்கால்வாசி நேரம் ஸ்வீட் பாலி என்ற டிவி நிருபருக்குத்தான்) டெலிபோன் பூத்துக்குள் ஓடி, தொளதொளவென்ற சிவப்பு உடையில் பறந்து வரும். பேச்செல்லாம் எதுகையோடுதான். சூப்பர்மேனைக் கிண்டல் செய்யப் பிறந்தவன் என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டு அவன் ஊரை ஆள நினைக்கவில்லை. வில்லனை ஒப்படைத்த கையோடு, குனிந்து அடுத்தவர் ஷூவைத் துடைக்கத் திரும்பிவிடுகிறான். உபகாரம் செய்துவிட்டு அதைச் சொல்லிக்காட்டாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. கூப்பிட்டால் வராமல் இருந்ததும் கிடையாது. இதில் யாருக்கும் சந்தேகம் வராது.

இப்போது அந்த டெலிபோன் பூத்துக்கு வருவோம். உள்ளே போய் உடை மாற்றுகிறான், பூத் வெடித்துச் சிதறுகிறது. ஏன் வெடிக்கிறது என்று தொடரில் யாரும் விளக்குவதில்லை. சைமன் பார் சினிஸ்டர் என்ற விஞ்ஞானி வில்லன் அந்த நேரம் எங்கேயோ திட்டம் போட்டுக்கொண்டிருப்பான், ஒரு கல்லைக்கூட நகர்த்தியிருக்க மாட்டான். அதற்குள் ஊருக்கு முதல் நஷ்டம் ஹீரோ கையால். அப்புறம் பறந்து வந்து இறங்கும்போது சுவரோ கட்டடமோ காலி. சண்டை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

இதுவரைக்கும் சரி, கைத்தவறுதல் என்று விட்டுவிடலாம். யாராவது வந்து 'என்னப்பா இது, இப்படி உடைத்துவிட்டாயே' என்று முறையிட்டால்தான் பிரச்சினை. நான் தோற்றதே இல்லாத வீரன், இந்தச் சில்லறை விஷயங்களுக்கெல்லாம் எனக்கு நேரமில்லை என்கிற பொருளில், அதையும் எதுகையோடு சொல்லிவிட்டுப் போய்விடுவான்!

எனக்கு அவன்மேல் மரியாதை குறைவது அந்த இடத்தில்தான். தெரியாமல் உடைப்பதும், தெரிந்த பிறகு 'அது என் கவலை இல்லை' என்பதும் ஒன்றாகாது. சுவர் போனவனும் அவன் காப்பாற்ற வந்த ஊர்க்காரன்தானே. பாலிக்கு ஒரு ஆபத்து என்றால் உயிரைக் கொடுக்கத் தயார், பக்கத்து வீட்டுக்காரன் நஷ்டத்துக்கு ஒரு செய்யுள். கருணை இல்லாதவன் என்று அவனைச் சொல்ல முடியாது. பெரிய ஆபத்தில் இருப்பவரிடம் மட்டும்தான் அது போய்ச் சேருகிறது.

இதே வகையறாவில் இன்னும் இரண்டு பேரைப் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் புரியும். 1983ல் வந்த இன்ஸ்பெக்டர் கேட்ஜெட், பாதி மனிதன் பாதி இயந்திரமான துப்பறிவாளர். மேலதிகாரி குவிம்பி எங்காவது ஒளிந்திருந்து, படித்ததும் வெடிக்கும் காகிதத்தைக் கொடுப்பார். இவர் படிப்பார், கசக்குவார், தூக்கி எறிவார். அது சரியாகக் குவிம்பியிடமே போய் வெடிக்கும். ஒவ்வொரு கதையிலும் இதே கூத்து. தன் சொந்த நாய் மாறுவேடத்தில் உதவிக்கு வந்தால் அதை எதிரி என்று துரத்துவார், நிஜ அடியாளிடம் சிரித்துப் பேசுவார். வழக்கை முடிப்பது அவருடைய உறவுக்காரச் சிறுமி பென்னியும் அந்த நாயும். இவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நடந்தது எதுவுமே அவர் கண்ணில் படவில்லை, பென்னியும் சொல்லிக்கொடுப்பதில்லை.

1974ல் வந்த ஹாங்காங் ஃபூயி கதை வேறு. காவல் நிலையத்தில் தரை துடைக்கும் நாய், கோப்பு அலமாரிக்குள் புகுந்து உடை மாற்றும்போது சிக்கிக்கொள்ளும். ஸ்பாட் என்ற பூனை ஒரு குத்து விட்டால்தான் வெளியே வரும். துப்புத் துலக்குவதும் அந்தப் பூனைதான். இந்த ஹீரோ யார் மேலாவது போய் மோதினால், அடிபட்டவர் கோபப்படுவதில்லை, பெருமைப்படுகிறார்! துப்புரவுப் பணியாளாக இருக்கும்போது கரித்துக்கொட்டும் சார்ஜென்ட் ஃப்ளின்ட், முகமூடி போட்டதும் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார். காதில் கைதட்டல் மட்டுமே விழுந்தால் ஒருவனுக்குத் தன் தப்பு எப்படித் தெரியும்? ஃபூயி விஷயத்தில் பாதிப் பழியை ஊர்க்காரர்கள்மேல் போடுவேன். சலித்துப்போன அந்தப் பூனையின் முகம் மட்டும்தான் அங்கே உண்மையான விமர்சனம்.

இந்த மூவரில் சொந்த பலத்தில் ஜெயிப்பவன் அண்டர்டாக் மட்டும்தான். பார்க்கவும் தெரியும், யோசிக்கவும் தெரியும், வந்து முறையிடவும் ஆள் இருக்கிறார்கள். அதனால்தான் அவனுக்குச் சாக்கு கம்மி என்கிறேன்.

'கார்ட்டூன்தானே, ஹீரோ திருந்திவிட்டால் சிரிப்பு எங்கே' என்று கேட்பீர்கள். நியாயம்தான். கேட்ஜெட் ஒரு நாள் காகிதத்தை வேறு பக்கம் எறிந்துவிட்டால் அந்த ஜோக் அதோடு முடிந்தது. அடுத்த கதை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால் இவர்கள் யாருக்கும் பாடம் கற்றுக்கொள்ள அனுமதியே கிடையாது. ஆனால் மன்னிப்புக் கேட்பதற்குத் திருந்த வேண்டிய அவசியம் இல்லையே. கேட்டுவிட்டு அடுத்த தெருவில் இன்னொரு சுவரை இடித்திருக்கலாம், சிரிப்பு கூடியிருக்கும். வாயைத் திறந்தாலே எதுகை வருகிறவனுக்கு அதற்கும் ஒரு வரி வராமலா போயிருக்கும்?